சுவருக்கு முன்னால் ஒரு கயிறு

எல்லைக்கோடு இரண்டு அணிக்கும் ஒன்றுதானே, அதில் என்ன அநியாயம் என்று யாராவது கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். போன வாரம் அலுவலக கேண்டீனில் அப்படித்தான். டிவியில் ஏதோ மேட்ச். கயிற்றை நன்றாக உள்ளே இழுத்துப் போட்டிருக்கிறார்கள், தொட்டதெல்லாம் சிக்ஸராகப் போகிறது. எதிரே உட்கார்ந்திருந்தவர் வடையைப் பிய்த்துக்கொண்டே, "ரெண்டு டீமுக்கும் அதே கயிறுதானே மேடம், விடுங்க" என்றார். நான் விடவில்லை. அவர் வடை ஆறிப்போகும் வரை பேசினேன். இப்போது என்னைக் கண்டால் வேறு மேஜைக்குப் போய் உட்காருகிறார். உட்காரட்டும்.

ஆனால் அவரிடம் நான் முழுக்கதையையும் சொல்லவில்லை. சொன்னால் என் பங்கும் வெளியே வரும்.

நாங்கள் நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்கள். அப்பா மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர். அம்மா, அப்பா, அக்கா, நான். எங்கள் பிளாக்கின் கடைசித் தெருவை ஒட்டி ஒரு மைதானம் இருந்தது. கிழக்கே தெரு, வடக்கே தண்ணீர்த் தொட்டி, தெற்கே நாலு வேப்பமரம். மேற்கே மட்டும் மைதானம் நீண்டுகொண்டே போய் ஒரு செங்கல் சுவரில் முட்டும். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சாக்கடை, அதைத் தாண்டினால் முந்திரி மரங்கள். பிட்சிலிருந்து சுவர் வரைக்கும் அக்காவின் காலடியில் எழுபத்திரண்டு. அவள் எண்ணியிருக்கிறாள், பலமுறை.

சுவரைத் தாண்டி விழுந்தால் சிக்ஸர், உருண்டு போய்ச் சுவரில் பட்டால் பவுண்டரி. டென்னிஸ் பந்து அவ்வளவு தூரம் லேசில் போகாது. எங்கள் மைதானத்தில் மேற்குப் பக்கம் சிக்ஸர் என்பது வீட்டில் கல்யாணம் மாதிரி, எப்போதாவது ஒன்று நடக்கும், ஊரே பேசும். மற்றபடி இரண்டு ரன், மூன்று ரன் என்று ஓடித்தான் சேர்க்க வேண்டும். தொப்பை வைத்தவர்களுக்கு எங்கள் மைதானம் பிடிக்காது. வெளி பிளாக்கிலிருந்து வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மேற்கே தூக்கி அடிப்பார்கள், பந்து மேலே மேலே போய், சுவருக்குப் பத்துப் பதினைந்து காலடி முன்னால் சோர்ந்து இறங்கும். இறங்குகிற இடத்தில் நெட்டையண்ணன் நின்றிருப்பார்.

நெட்டையண்ணன் குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம். ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் வேலை, எங்கள் பிளாக்கில் அவருடைய மாமா வீட்டில் தங்கியிருந்தார். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு தூங்குகிறவர் போல நிற்பார். பந்து மேலே எழும்பியதும் அவசரப்படாமல் முன்னால் நடந்து வந்து நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பார். அப்படி அவர் பிடித்த கேட்சுகளில் பாதிக்கு மேல் என் அக்காவின் பந்து.

அக்காவுக்கு அப்போது பதினைந்து வயது, பத்தாம் வகுப்பு. பிளாக் டீமில் ஒரே பெண். ஆள் குறைந்த ஒரு நாள் கடனே என்று கூப்பிட்டுப் போட வைத்தார்கள், நாலு பேரை அவுட்டாக்கிவிட்டு வந்தாள், அதற்குப் பிறகு அவள் இல்லாமல் டீம் போடுவதில்லை. வேகமெல்லாம் கிடையாது. தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து நாலே எட்டு ஓடி வந்து, பந்தை அப்படியே தொங்கவிடுவாள். பார்த்தால் இவ்வளவு சுலபமான பந்தை அடிக்காமல் விடுவது பாவம் என்று தோன்றும். வலது கைக்காரர்களின் காலை நோக்கித் திரும்பும். கிழக்கே தெரு பக்கத்திலேயே இருந்தாலும் அந்தப் பந்தை அந்தப் பக்கம் அடிக்க வராது. மேற்கேதான் அடிக்க வரும். மேற்கே எழுபத்திரண்டு காலடி. அவளுடைய வித்தை மொத்தமும் அந்தத் தூரத்தில்தான் இருந்தது. பந்தைப் போடுவது அவள், அவுட்டாக்குவது சுவர் என்று டீமில் கிண்டல் செய்வார்கள். அவளும் சிரிப்பாள், ஏனென்றால் அது உண்மை.

அந்த வருஷம் பொங்கலுக்குப் பிளாக்குகளுக்கிடையே போட்டி நடந்தது. பைனல் எங்கள் மைதானத்தில். அதற்கு அடுத்த திங்கட்கிழமை கடலூரில் மாவட்டப் பெண்கள் அணிக்குத் தேர்வு. பள்ளிக்கூடத்து பி.டி. டீச்சர் பேர் கொடுத்துவிட்டார், அப்பாவின் கையெழுத்து மட்டும் பாக்கி. பத்தாவது வருஷத்தில் இதெல்லாம் எதற்கு என்பது அப்பாவின் கேள்வி. அக்கா மூன்று நாள் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தாள். கடைசியில் அப்பா ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்.

"பைனல்ல மூணு விக்கெட் எடு. திங்கக்கெழம லீவு போட்டு நானே கடலூருக்குக் கூட்டிட்டுப் போறேன். எடுக்கலன்னா பரீட்ச முடியுற வரைக்கும் பந்தத் தொடக் கூடாது. சரியா?"

"சரிப்பா."

ஒருவருக்கு மூன்று ஓவர்தான் கிடைக்கும். மூன்று ஓவரில் மூன்று விக்கெட். அந்தச் சுவர் இருக்கிற தைரியத்தில்தான் அவள் உடனே சரி என்றாள். அப்பாவுக்கு அன்றைக்கு செகண்ட் ஷிப்ட், மதியம் இரண்டு மணிக்குப் போய்விடுவார், மேட்ச் பார்க்க முடியாது. ஸ்கோர் நோட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அவருக்கு நோட்டின் மேல் அப்படி ஒரு நம்பிக்கை. சுரங்கத்தில் ஷிப்ட் மாறும்போது லாக் புத்தகத்தில் எழுதியிருப்பதுதான் நடந்தது, எழுதாதது நடக்கவில்லை என்று எங்களுக்கே பாடம் எடுப்பார்.

இப்போது செயலாளர் மாமா. எங்களுக்கு நேர் எதிர் குவார்ட்டர்ஸ், பிளாக் மன்றத்துக்கு அவர்தான் செயலாளர். நல்ல மனுஷர் என்றே எல்லோரும் சொல்வார்கள், நானும் வேண்டுமானால் சொல்கிறேன். பைனலுக்குப் பெரிய அதிகாரி ஒருவரைச் சிறப்பு விருந்தினராகப் பிடித்துவிட்டார். அந்த நிமிஷத்திலிருந்து அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. விருந்தினருக்குப் பந்தல் வேண்டும், சோபா வேண்டும், கூட வருகிறவர்களுக்கு நாற்காலி வேண்டும். சாயங்கால மேட்ச், மேற்கு வெயில் கண்ணில் குத்தக் கூடாது, ஆகவே பந்தல் மேற்கில் இருக்க வேண்டும். அதுவரை நியாயம். மேற்கில் எங்கே? சுவருக்கு உள்ளே, மைதானத்திலேயே.

பைனலன்று காலை பந்தல்காரர் வந்து குழி தோண்டினார். மெயின் பஜாரில் கடை வைத்திருக்கும் பாய். எங்கள் பிளாக்கில் எந்த விசேஷமென்றாலும் அவர் சாமான்தான். மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அவரே சொன்னார். "சார், பந்தலச் சுவத்துக்கு அந்தாண்ட போட்டுரலாம்ங்க. சாக்கட மேல பலக போட்டு ஜமக்காளம் விரிச்சுர்றேன், வாட ஒண்ணும் வராது. சுவரு தோள் உசரந்தான், சோபாவ மேட போட்டு ஏத்திட்டா மேட்ச் நல்லாத் தெரியும். புள்ளைங்களுக்கும் விளையாட எடம் கெடக்கும்."

ஒரு பந்தல்காரருக்குத் தெரிந்திருக்கிறது. கிரிக்கெட் மட்டை ஒன்றைக்கூட அவர் வாழ்நாளில் தொட்டிருக்க மாட்டார், அவருக்குத் தெரிந்திருக்கிறது. மாமா, "ஐயாவ சாக்கட மேல உக்கார வைக்கச் சொல்றீங்களா பாய்?" என்று ஒரே கேள்வியில் அவர் வாயை அடைத்தார். பந்தல் உள்ளேயே வந்தது. பந்தலுக்கு முன்னால் சோபா, சோபாவுக்கு இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் நாற்காலிகள் நாலு வரிசை, அதற்கும் முன்னால் தரையில் ஒரு தேங்காய்நார்க் கயிறு. கயிற்றைத் தாண்டினால் சிக்ஸர் என்று மாமா அறிவித்தார்.

அக்கா பிட்சிலிருந்து நடந்து எண்ணினாள். ஐம்பத்தொன்று. மறுபடியும் போய் முதலிலிருந்து எண்ணினாள். அதே ஐம்பத்தொன்றுதான். நான் அவள் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன், எனக்கு ஒன்பது வயது, எதற்கு நடக்கிறோம் என்று தெரியாது.

"மாமா, கயிறு ரொம்ப உள்ள இருக்கு" என்றாள்.

"ரெண்டு டீமுக்கும் அதே கயிறுதானம்மா?"

"இல்ல மாமா, சேர் மேல விழுறது நேத்து வரைக்கும் கேட்ச்."

"அதுக்கேத்த மாதிரி நீ பவுலிங்க மாத்திக்கணும். அதுலதான் தெறமையே இருக்கு" என்று சொல்லிவிட்டு மாமா மைக்செட்காரரைத் தேடிப் போய்விட்டார்.

எனக்கு இன்றைக்கும் வயிறு எரிவது இந்தப் பதிலை நினைத்தால்தான். மாற்றிக்கொள்ள வேண்டுமாம். இரண்டு வருஷம் ஒரு தூரத்தைக் காலால் அளந்து, அதற்குத் தக்கபடி விரலைப் பழக்கி வைத்திருக்கிறாள் ஒரு பெண். காலையில் கயிற்றைப் போட்டுவிட்டு மதியத்துக்குள் மாற்றிக்கொள் என்கிறார். அவர் வீட்டுச் சமையலில் உப்புக் கூடிவிட்டால் மாமியிடம் அவர் போடுகிற சத்தம் எங்கள் தெருவுக்கே கேட்கும். ஒரு சோபா நகர முடியாது, ஆனால் அக்காவின் பந்து நகர வேண்டும்.

ஒரே கயிறுதான், ஒப்புக்கொள்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று பாருங்கள். அடிக்கிறவனுக்கு லாபம். வேகமாகப் போட்டு ஸ்டம்பைப் பெயர்க்கிறவனுக்கு நஷ்டமில்லை. ஓடி ஓடி மூன்று ரன் எடுக்கிற ஒல்லிப் பையன்களின் மதிப்புக் கொஞ்சம் குறையும். சுவரை நம்பிப் பந்து போட்டவள் அந்த மைதானத்தில் ஒருத்திதான். இருபத்திரண்டு பேருக்கும் பொதுவாகப் போட்ட கயிறு ஒரே ஒருத்தியின் காலில்தான் தடுக்கியது. அதனால்தான் வேறு யாரும் வாயைத் திறக்கவில்லை.

மேட்ச் தொடங்கியது. எங்கள் டீம் முதலில் பேட்டிங். சும்மா சொல்லக் கூடாது, திருவிழாதான். பிறந்ததிலிருந்து சிக்ஸர் அடிக்காதவர்களெல்லாம் மேற்கே தூக்கி அடித்தார்கள். நாற்காலிகளில் பந்து விழ விழக் கூட்டம் எழுந்து நின்று கத்தியது. விருந்தினர் ரசித்தார். மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை, மைக்கைப் பிடித்து, இனிமேல் உட்கார்ந்த இடத்திலிருந்தே சிக்ஸரைக் கேட்ச் பிடிப்பவர்களுக்கு ஐயா கையால் பரிசு என்று அறிவித்துவிட்டார். நான் அம்மாவின் பக்கத்திலிருந்து நழுவிப் போய் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்தேன்.

அடுத்து அவர்கள் பேட்டிங். அக்காவின் முதல் ஓவரில் ஒருவன் இறங்கி வந்து பந்தை விட்டான், கீப்பர் ஸ்டம்பிங் செய்தார். ஒன்று. இரண்டாவது ஓவரில் ஒருவன் நேராகத் திருப்பி அடித்ததை அவளே குனிந்து பிடித்தாள். இரண்டு. நடுவில் இரண்டு சிக்ஸர்கள் கொடுத்தாள். அந்த இரண்டையும் நான் வழக்கில் சேர்க்கவில்லை, ஒன்று சுவரையே தாண்டியிருக்கும், இன்னொன்று ஆளில்லாத பக்கம் போனது. மாமா சொன்ன யோசனைப்படி மாற்றியும் பார்த்தாள், பந்தைத் தாழ்வாக வேகமாகப் போட்டாள், அது அவளுக்கு வரவில்லை, பவுண்டரிக்குப் போனது. மூன்றாவது ஓவரின் கடைசிப் பந்து பாக்கி இருந்தது. எதிரே அவர்கள் கேப்டன், வலது கைக்காரன், வாட்டசாட்டமான ஆள். அக்கா பந்தைத் துப்பட்டாவில் துடைத்தாள். பழைய மாதிரியே நாலு எட்டு ஓடி வந்து பந்தைத் தொங்கவிட்டாள்.

அவன் மேற்கே தூக்கினான்.

நெட்டையண்ணன் கயிற்றோரம் நின்றிருந்தார். பந்து அவர் தலைக்கு மேல் வருவதைப் பார்த்துப் பின்னால் போனார், இரண்டாவது எட்டிலேயே முதல் வரிசை நாற்காலி அவர் முட்டியில் இடித்தது. அங்கேயே நின்று இரண்டு கையையும் மேலே தூக்கினார். அந்தக் கைகளுக்கு மேலே, சோர்ந்துபோய், இதற்கு மேல் போக முடியாது என்பது போலப் பந்து இறங்கியது. நேராக என்னிடம். நான் எழுந்து நின்று இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சோடு பிடித்தேன். உள்ளங்கை சுரீரென்றது. பந்தை விடவில்லை.

ஐயோ, அந்தக் கைதட்டலை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அம்பயர் இரண்டு கையையும் உயர்த்தினார். மைக்கில் மாமா, "சிக்ஸரைக் கேட்ச் பிடித்த நமது பிளாக் குட்டிப் பாப்பா" என்றார். யாரோ என்னைத் தூக்கி சோபாவின் முன்னால் இறக்கினார்கள். விருந்தினர் என் கன்னத்தைத் தட்டி நீல நிற வாட்டர் பாட்டில் ஒன்றைக் கொடுத்தார், கழுத்தில் மாட்டிக்கொள்ள வாருடன். நான் அதை மாட்டிக்கொண்டு, பிட்சில் நின்றிருந்த அக்காவுக்குத் தூக்கிக் காட்டினேன். அவள் இடுப்பில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் ஜெயித்தோம். அதுதான் வேடிக்கை. எங்கள் டீம் அடித்த சிக்ஸர்களே ஜெயிக்கப் போதுமானதாக இருந்தது. கோப்பை வந்தது, கேசரி கொடுத்தார்கள், மாமாவைத் தோளில் தூக்கினார்கள். அந்தக் கயிற்றைப் பற்றிப் புகார் சொல்ல ஒருத்தருக்கும் ஒரு காரணமும் இல்லை. நெட்டையண்ணன் மட்டும் கேசரியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவிடம் வந்து, "நான் இன்னா பண்றது பாப்பா, நாற்காலிய இட்சிகினு நின்னுட்டேன். எப்பவும் போல இருந்திருந்தா கண்ண மூடிகினு புடிச்சிருப்பேன்" என்றார். அக்கா, "தெரியும்ண்ணே" என்றாள். வீட்டுக்குப் போகும் வழியில் என் பாட்டிலைப் பார் பார் என்று நாலு தடவை நீட்டினேன், அவள் பார்க்கவேயில்லை. எனக்கு அப்படி ஒரு ஆத்திரம். இவள் பவுலிங்கில் அடித்த பந்தை நான் பிடித்துவிட்டேன் என்று இவளுக்கு வயிற்றெரிச்சல் என்று அம்மாவிடம் கோள் சொன்னேன்.

மறுநாள் காலை அப்பா காபி குடித்தபடி ஸ்கோர் நோட்டைப் பிரித்தார். அக்கா கதவோரம் நின்றாள். அப்பா விரலால் வரிசையைத் தடவிக்கொண்டே போய் அவள் பெயரில் நிறுத்தினார். மூன்று ஓவர், இரண்டு விக்கெட். இன்னொரு தடவை பார்த்தார். நிஜமாகவே அவர் முகத்தில் வருத்தம் இருந்தது என்று இப்போது நினைத்தால் தெரிகிறது.

"ரெண்டுதானேம்மா இருக்கு."

"ஆமாப்பா."

அவள் வேறொன்றும் சொல்லவில்லை. தோற்றவள் காரணம் சொல்வதாக ஆகிவிடும் என்று நினைத்திருப்பாள், அவள் அப்படித்தான். அப்பா நோட்டை மூடினார். கையெழுத்துப் போட வேண்டிய தாள் அலமாரியில் பேப்பருக்கு அடியில் போயிற்று. திங்கட்கிழமை வந்தது, அக்கா பள்ளிக்கூடம் போனாள்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனாள். பாய் பந்தலைப் பிரித்துக்கொண்டு போயிருந்தார், குழிகள் மட்டும் இருந்தன. "எங்கடி உக்காந்திருந்த?" என்றாள். ஓடிப்போய் மூன்றாவது வரிசை இருந்த இடத்தில் நின்றேன். "கரெக்டா நில்லு" என்றாள். கரெக்டாக நின்றேன். என்னிடமிருந்து சுவர் வரைக்கும் நடந்து எண்ணினாள். பதினேழு. திரும்பி வந்து, "எப்டிப் புடிச்ச, காட்டு" என்றாள். நெஞ்சோடு கையைச் சேர்த்துக் காட்டினேன். "நல்லாப் புடிச்ச" என்று சொல்லி என் தலையில் கை வைத்தாள். ஒரு வழியாக இவளுக்குப் பொறாமை தீர்ந்தது என்று எனக்குப் பரம சந்தோஷம்.

கடலூருக்குப் போயிருந்தால் அவளைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. போயிருப்பாள். என் வழக்கு அவ்வளவுதான். இப்போது அவள் பண்ருட்டியில் குடும்பம், வேலை என்று நன்றாகத்தான் இருக்கிறாள். கிரிக்கெட் ஓடினால் மட்டும் எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறாள்.

அப்பா ரிட்டயர் ஆகிவிட்டார். கேண்டீன் சண்டைக்குப் பிறகு ஊருக்குப் போனபோது அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், கயிறு, நாற்காலி, பாயின் பலகை, பதினேழு காலடி, எல்லாம். செயலாளர் மாமாவைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"லாக்ல எழுத முடியாதத, அடுத்த ஷிப்டுக்கு வர்றவன்கிட்ட வாயால சொல்லணும்மா. அதுக்குத்தான் அஞ்சு நிமிஷம் ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறது. நீதான் அங்க இருந்தியே. அன்னைக்கே சொல்லியிருந்தா கூட்டிட்டுப் போயிருப்பேனே."

அன்றைக்குக் காலையில் நானும் அங்கேதான் நின்றேன், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில், பாட்டிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு. நோட்டை மூடிவிட்டு அவர் என் பக்கம் திரும்பி, "நீ என்ன, ஏதோ பரிசு வாங்கினியாமே?" என்று கேட்டார். நான் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்து, "பாருங்கப்பா, ஒரு சொட்டுகூட ஒழுகல" என்றேன்.